பிடி நன்றாக இருக்கிறது

மார்ச் 3

உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவதென்று தெரியவில்லை. மருமகளே என்று எழுத இப்போது அந்த உறவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதனால் ஒன்றும் போடாமலே தொடங்குகிறேன்.

நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், வந்து சொல்ல ஆளில்லாததால்.

உன் கடிதம் வந்தது. கூட வந்த கம்பெனித் தாளைப் படிக்கவில்லை. அந்த எழுத்து எறும்புக்குத்தான் தெரியும். வயதானவர்கள் சிரமப்படாமல் தள்ளுகிற மாதிரி ஒரு புல் வெட்டும் மிஷினை நீ வடிவமைக்கிறாய், எழுபது தாண்டின ஆட்கள் தங்கள் வீட்டுப் புல்தரையில் அதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், இதுதானே விஷயம்? குறை சொல்ல ஆள் வேண்டும் என்றதும் பதினோரு வருஷம் கழித்து என் நினைப்பு வந்திருக்கிறது. போன் செய்தால் உன் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். வைத்துவிடுவேன்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. வந்த முதல் வாரமே என் பச்சை வாளியின் காதை உடைத்தாய். "முன்னாடியே விரிசல் இருந்துச்சு அத்தை" என்றாய். விரிசல் இல்லை. உப்பு டப்பாவை ஒருநாளும் மூடி வைத்ததில்லை. அதெல்லாம் போகட்டும். என் மகனோடு ஒத்துவரவில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாய், அதுகூடப் போகட்டும். ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள், போகிற அன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அது போகாது.

இருந்தாலும் மிஷினை அனுப்பு. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பழைய மிஷின் எருமைக் கனம், கயிறு இழுத்துக் கிளப்ப என்னால் முடியவில்லை. போன மாதம் மகன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்தப் புல்லப் பாரும்மா. உள்ள பாம்பு குடித்தனம் நடத்தும். தெருக் கமிட்டிலேர்ந்து எனக்குப் போன் பண்றாங்க. உன்னால முடியலன்னு ஒத்துக்கோ. வருஷக் கடைசிக்குள்ள வீட்டக் குடுத்துட்டு என்கூட வந்துரு."

"முடியும்னா?"

"முடியும்னா செஞ்சு காட்டு. புல்லு ஒழுங்கா இருந்தா நான் ஏன் வாயத் திறக்கப்போறேன்?"

அவன் வீடு நாலாவது மாடி. அங்கே மண் என்றால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவதுதான். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்பாய். இங்கே புல் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் உன் மாமனார் வைத்த ரோஜாவின் தலையைப் புல்லோடு சேர்த்துச் சீவினான். மற்றவன் அவன் தம்பி. இரண்டு பேருக்கும் என் கேட் திறக்காது.

ஆகவே மிஷின் வரட்டும். பேத்திக்குப் பதினாறு நடக்கிறது இல்லையா? வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அத்தை
(அப்படித்தான் கையெழுத்துப் போட வருகிறது.)

*

மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கும் வேறு சொல் வரவில்லை. நாங்கள் இருவரும் நலம். குளிர் விடும்வரை முழங்காலில் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

மிஷின் அடுத்த வாரம் வரும். கனம் பழையதில் பாதிதான். பேட்டரியில் ஓடுகிறது, கயிறு இழுக்க வேண்டாம், ஒரு பித்தானை அமுக்கினால் போதும். ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். கைப்பிடிக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் கத்தி சுற்றும். விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தள்ளுகிறவர் தடுக்கி விழுந்தால் கால் கத்தியில் மாட்டக்கூடாது, அதற்காகத்தான். அந்தக் கம்பி வயதானவர்கள் கைக்கு இறுக்கமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்களோடு சேர்த்து ஒன்பது பேரிடம் மிஷின் தருகிறோம். எல்லோரிடமும் முக்கியமாக இதைத்தான் கேட்கிறேன். உங்கள் கை என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

வாளியில் விரிசல் இல்லை. நான்தான் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். இன்னொரு விஷயத்தைப் பற்றி இப்போது எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகளாக இருந்தவள்

பாட்டி, இது நான். உங்க கடிதத்த நான்தான் சத்தமா படிச்சேன். எறும்பு எழுத்துன்னு வந்த எடத்துல அம்மா தட்டக் கீழ வெச்சிட்டு சிரிச்சாங்க. அம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

*

ஏப்ரல் 10

மிஷின் வந்தது. நானும் இருக்கிறேன். கம்பளி சுற்றினேன், அரிக்கிறது.

குறைகளை எழுதுகிறேன், எழுதிக்கொள். நிறம் சரியில்லை. தீயணைப்பு வண்டி வந்து நின்றதென்று தெருவே எட்டிப் பார்த்தது. பித்தான் வழவழவென்று கைப்பிடியோடு கைப்பிடியாக இருக்கிறது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புல் சேருகிற பையைப் பார்த்து யாராவது வயதானவர்களுக்கென்று சொல்வார்களா? நிறைந்துவிட்டால் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டியிருக்கிறது. கத்தியை ஏற்றி இறக்குகிற நெம்பு குனிந்து எட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறது. குனிந்தவள் நிமிர வேண்டாமா?

பிடி நன்றாக இருக்கிறது. அதில் கை வைக்காதே.

போன ஞாயிறு மகன் வந்தான். கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். வரிவரியாக வெட்டி, ஓரமெல்லாம் நறுக்கி, பாய் விரித்த மாதிரி வைத்திருந்தேன்.

"யாரும்மா வெட்டினது?"

"நான்தான்."

"பக்கத்து வீட்டு பஸ்காரரா?"

"அவருக்கு இடுப்புல ஆபரேஷன். அவர் வீட்டுப் புல்லுக்கே ஆள் இல்ல. நான்தான்டா வெட்டினேன்."

மிஷின் ஏதென்று கேட்டான். ஒரு கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது என்றேன். எந்தக் கம்பெனி என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் போய்விட்டான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேச்சு இல்லையென்றால் அவனுக்கு இங்கே வேலையும் இல்லை போலிருக்கிறது.

என் கடிதத்தைப் படித்து நீங்கள் சிரித்ததாகப் பேத்தி எழுதியிருந்தாள். நான் சிரிக்கவைக்க எழுதவில்லை. ஆனால் இந்த வீட்டில் சத்தம் என்றால் கடிகாரம் ஒன்றுதான். உங்கள் சாப்பாட்டு மேஜையில் என் பேச்சு நடக்கிறதென்றால் நடக்கட்டும்.

சளி பிடிக்காமல் இருங்கள்.

அத்தை

*

ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் எழுத்து இந்த முறை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ? டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டோம். பித்தானை மேடாக்கி, நடுவில் ஒரு குழி வைத்திருக்கிறோம். பையைப் பாதியாகக் குறைத்து அடியிலும் ஒரு பிடி வைத்தாயிற்று. நெம்பு மேலே வந்துவிட்டது. நிறத்துக்கு மட்டும் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை.

பிடி விஷயத்தில்தான் பெரிய வாக்குவாதம். மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் கம்பி இறுக்கம், கை வலிக்கிறது என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் மேனேஜரிடம் சொன்னேன்: "எங்க அத்தை எதையும் நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல சார். கல்யாணப் புடவையிலயே குறை சொன்னவங்க. அவங்க சொன்னா அது நிஜமாவே நல்லா இருக்கும்." அவர் சிரித்துவிட்டு, "அப்ப அந்த அஞ்சு பேரும் சும்மா சிணுங்கறாங்க. பிடி அப்படியே இருக்கட்டும்" என்றார். எனக்கு இருந்த சந்தேகம் உங்களால்தான் தீர்ந்தது. நன்றி அத்தை.

நேரத்துக்குத் தூங்குங்கள்.

உங்கள் மருமகளாக இருந்தவள்

*

மே 21

உங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. மேஜைதான் ஆடுகிறது, அதனால் எழுத்து சாய்கிறது.

கல்யாணப் புடவையில் நான் குறை சொல்லவில்லை. கரை சின்னது என்றேன். சின்னதாகத்தான் இருந்தது.

புதுப் பித்தான் பரவாயில்லை. புதுப் பை பரவாயில்லை. சுவரோரம் ஒரு சாண் புல் அப்படியே நிற்கிறது, கத்தி அங்கே எட்டவில்லை, அதைப் பார்.

அந்த ஐந்து பேரும் சிணுங்குகிறார்கள் என்று உன் மேனேஜர் எப்படிச் சொல்லலாம்? அவரவர் கை அவரவருக்குத்தானே தெரியும். சரி, அது உங்கள் ஆபீஸ் விவகாரம், நான் வாய் வைக்கவில்லை.

இப்போதெல்லாம் பாவாடை நாடா நல்லதாகவே கிடைப்பதில்லை. வழுக்குகிறது, முடிச்சு நிற்பதில்லை. பஞ்சு நாடா கேட்டால் கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். இதற்கும் மிஷினுக்கும் சம்பந்தமில்லை. கைக்கு வந்ததை எழுதினேன்.

பின்பக்கம் எலுமிச்சை பூத்திருக்கிறது. பின்வாசல் திறந்தால் வீடெல்லாம் அந்த வாசனைதான். யாரும் வரப்போவதில்லை, சும்மா சொல்கிறேன்.

வெயிலில் அலையாதீர்கள்.

அத்தை

*

ஜூன் 7

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மிஷின் முடிவாகிவிட்டது. உங்கள் கையில் இருக்கிற அதே பிடியோடு அச்சு வார்க்கச் சொல்லியாயிற்று. அடுத்த வருஷம் கடைகளுக்குப் போகும். என் வேலையில் முதல்முறையாக ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றுகிறது.

மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் நாலு நாள் விடுமுறை. உங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இருக்கிறது. வருகிற வழியில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று மிஷினைப் பார்த்துவிட்டுப் போகலாமா? உள்ளே வரமாட்டேன்.

ஒரு வரி எழுதுங்கள். போதும்.

உங்கள் மருமகளாக இருந்தவள்

*

ஜூலை 5

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? பதில் வரவில்லை. விடுமுறை முடிந்துவிட்டது. நாங்கள் வரவில்லை. வராதே என்றாவது எழுதியிருக்கலாம்.

நேற்று போன் செய்தேன். எடுத்தீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். எடுக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறீர்கள் என்று நிம்மதியாக இருந்தது.

உங்கள் மருமகளாக இருந்தவள்

*

ஜூலை 12

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் அத்தை வீட்டு வேலிக்கு இந்தப் பக்கத்து ஆள் வணக்கத்துடன் எழுதுவது.

என்னை நினைவிருக்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். இப்போது இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு ஊன்றி முதல் கியரில் போகிறேன். மற்றபடி சௌக்கியம். உங்கள் மகள் சின்ன வயதில் எறிந்த பந்து இன்னும் என் கூரையில்தான் கிடக்கிறது.

இதை எழுதுவது உங்கள் அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிறவர்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

போன மாதம், மழை விட்ட மறுநாள் காலை, மிஷின் சத்தம் என் பக்கம் நெருங்கி வருவது கேட்டு வெளியே வந்தேன். டிரைவர் இல்லாத பஸ் மாதிரி அது தானாகவே வந்துகொண்டிருந்தது அம்மா. சரிவில் இறங்கி, வேலிக் கம்பியைச் சாய்த்து, என் தக்காளிப் பாத்தியை ஒரு வழி பண்ணிவிட்டு, சுவரில் முட்டிக்கொண்டு கத்தியது. பின்னால் பார்த்தால் உங்கள் அத்தை ஈரத்தில் வழுக்கிக் கீழே கிடக்கிறார். கால் மடங்கியிருந்தது. கத்தி போன தடத்துக்கும் அவர் பாதத்துக்கும் நடுவில் என் கம்பை வைத்தால் இடமிருக்காது.

விட்டால் நின்றுவிட வேண்டிய மிஷின் ஏன் நிற்கவில்லை என்று கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பாவாடை நாடாவால் கட்டியிருந்தது. ஈர முடிச்சு, அவிழவில்லை. செடி வெட்டும் கத்தியால் அறுத்துத்தான் நிறுத்தினேன்.

"என்னம்மா இது, விளையாட்டா?" என்றேன்.

"கை நிக்கமாட்டேங்குது. பெருவிரல் பக்கம் உசிரே இல்ல."

"எத்தன நாளா?"

"மிஷின் வந்த நாள்லேர்ந்து. மொதல்ல அந்த நாடாவ எடுத்து ஒளிச்சு வைங்க. பையனுக்குத் தெரிஞ்சா வீடு போச்சு. அவகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

கீழே கிடந்தபடியே சொன்னார் அம்மா.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நீங்கள் வருவதாக எழுதின கடிதம் உப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. வரச் சொல்லுங்களேன் என்றேன். "நொண்டிக்கிட்டு வாசல்ல நின்னு யாரும் வர்றதப் பாக்க வேண்டாம்" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள் என்று அவர் சொல்வதைப் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். அன்று நான் வேலியோரம்தான் நின்றிருந்தேன். அந்தப் புல்லை அவர் அன்று காலையிலேயே வெட்டி முடித்துவிட்டார். சாயங்காலம் நீங்கள் பெட்டியோடு கிளம்பும்போது, வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு பஸ்காரன்

*

ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

கணுக்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பஸ்காரர் மேல் கோபப்படாதீர்கள். எல்லாம் தெரிந்துவிட்டது.

உங்கள் எழுத்து சாய்ந்ததைப் பார்த்தேன், கண்ணாடி என்று நினைத்தேன். நாடாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நானும் மகளும் சிரித்தோம். என் தொழிலே கைகளைப் பார்த்து மிஷின் செய்வது. நான் கடிதத்தைப் பார்த்துச் செய்திருக்கிறேன்.

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஓட்டிப் பார்க்கிறவர் ஒருவர் விழுந்தார் என்று தெரிந்தால் கம்பெனி அந்த வாரமே மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விதி அப்படி. மிஷின் போனால் புல் வளரும், புல் வளர்ந்தால் உங்களுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் சொல்லாமல் நான் சொல்லமாட்டேன். இங்கே அச்சு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே பிடியோடு மிஷின் கடைக்குப் போனால், கை வலிக்கிறது என்ற அந்த ஐந்து பேரும் அவர்களைப் போன்றவர்களும் நாடா தேடிப் போவார்கள். இதையும் நான் உங்களிடம் மறைக்கக்கூடாது.

மேனேஜரிடம் என் வார்த்தை நிற்காது. பிடி நல்லது என்று அடித்துச் சொன்னவளே நான்தான். உங்கள் கையால் எழுதின தாள் ஒன்றுதான் நிற்கும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இனிமேல் அந்த மிஷினைத் தொடாதீர்கள். இது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்றைக்குச் சொல்லிக்கொள்ளத்தான் பின்வாசலுக்கு வந்தேன் அத்தை. பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் முதுகைக் காட்டி மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். நிறுத்துவீர்கள் என்று நின்றேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுங்கள்.

உங்கள் மருமகளாக இருந்தவள்

*

ஆகஸ்ட் 17

வீக்கம் இறங்கிவிட்டது. நீங்கள் சுகம்தானே? பஸ்காரரோடு நான் பேசுவதில்லை. வேலியில் மிச்சமிருந்த தக்காளியைப் பறித்து வைக்கிறார். எடுத்துக்கொள்கிறேன், பேசுவதில்லை.

கீழே இருப்பதைக் கத்தரித்து உன் மேனேஜரிடம் கொடு.

"கம்பெனி ஐயாவுக்கு. பிடி நன்றாக இருக்கிறது என்று நான் எழுதினது பொய். ஒரு வரிசை புல் வெட்டி முடிப்பதற்குள் என் இரண்டு கையும் கம்பியை விட்டுவிடும். அதனால் நாடாவால் கட்டி ஓட்டினேன். விழுந்தேன், மிஷின் நிற்காமல் போனது. என் கால் பிழைத்தது என் சாமர்த்தியம் இல்லை. அந்த ஐந்து பேர் சிணுங்கவில்லை. அவர்கள் கை வலித்தது, வலிக்கிறது என்றார்கள். எனக்கு அந்த வாய் இல்லாமல் போயிற்று. மிஷினைச் செய்தவள் மேல் தப்பில்லை. என் பேச்சை நம்பினாள், அவ்வளவுதான்."

இதை உனக்காக எழுதவில்லை. எங்கேயோ ஒருத்தி என்னைப் போலவே அழுத்தக்காரியாக இருப்பாள். அவள் வீட்டுப் பக்கத்தில் பஸ்காரர் இருக்கமாட்டார்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் படித்தேன். மிஷின் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார். பின்னால் ஆள் வந்து நின்றால்கூடக் கேட்பதில்லை.

வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம். புல் கண்டபடி கிடக்கிறது, பார்க்க நன்றாக இருக்காது.

பேத்தியை இருட்டுவதற்குள் வீடு வந்து சேரச் சொல்.

அத்தை

*

நவம்பர் 30

அன்புள்ள அத்தைக்கு,

எங்கே, எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நலம். நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. வாசலில் வீடு விற்பனைக்கு என்று பலகை மாட்டியிருக்கிறது, சாமான்கள் வண்டியில் ஏறின என்று பஸ்காரர் எழுதினார். மகன் வீட்டு முகவரிக்கு நான் எழுதினால் உங்களுக்குச் சங்கடம். அதனால் இதைப் பஸ்காரர் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் தாளை மேனேஜர் இரண்டுமுறை படித்தார். அச்சை உருக்கிவிட்டார்கள். எனக்கு மேலே இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, வேலை என் கையில்தான் இருக்கிறது. எட்டுப் பேர் வீட்டுக்கும் நேரில் போய், கையை விரிக்கச் சொல்லி, மடக்கச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் கையை மட்டும் பார்க்கவில்லை.

புதுப் பிடியை இறுக்கவே வேண்டாம். அகலமான பலகை மாதிரி இருக்கும். உள்ளங்கைகளை அதன் மேல் வைத்தால் கையின் கனமே போதும், கத்தி சுற்றும். கையை எடுத்தால் நின்றுவிடும். கட்டுவதற்கு அதில் எதுவும் கிடையாது. சத்தமும் பாதியாகிவிட்டது. அதற்குத்தான் நாள் அதிகமாயிற்று.

முதல் மிஷின் உங்களுக்குத்தான் வரும். தாமதமாகிவிட்டது என்று தெரியும்.

உங்கள் மருமகளாக இருந்தவள்

*

ஏப்ரல் 2

மருமகளுக்கு,

நான் இருக்கிறேன். இங்கே லிப்ட் இருப்பதால் முழங்காலுக்கு வேலையில்லை. நீயும் பேத்தியும் சுகம் என்று பஸ்காரர் சொன்னார். உன் கடிதத்தைக் கொடுக்க இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் டிரைவர் பிரேக் போடுகிற விதத்தைத் திட்டிக்கொண்டே வந்தாராம். இப்போது அவரோடு பேசுகிறேன். பேசாமல் இருக்க வேலி வேண்டும், இங்கே வேலி இல்லை.

மகன் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். அக்டோபரில் வந்து புல்லைப் பார்த்தான். சொல்லிக்காட்டுவான் என்று நினைத்தேன். அவன் நேராக உள்ளே போய் என் சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தான். காலையில் போனால் ராத்திரிதான் வருகிறான். "சாப்பிட்டியாம்மா?" என்பான். "சாப்பிட்டேன்" என்பேன். அன்றைய பேச்சு அதோடு சரி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து ஜன்னல். பழைய வீட்டில் இப்போது இருப்பவர்கள் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போட்டுவிட்டார்கள் என்று பஸ்காரர் சொன்னார். எலுமிச்சையை வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் மிஷின் வந்து இறங்கியது.

"நாலாவது மாடில புல்லு எங்கம்மா இருக்கு?" என்றான். அப்புறம் பெட்டிமேல் உன் கம்பெனிப் பேரைப் பார்த்தான். திருப்பி அனுப்பிவிடுவான் என்று நினைத்தேன். "கத்திய மட்டும் கழட்டிக் குடுடா" என்றேன். திருப்புளி எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, கழற்றிக் கொடுத்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் வேலைக்குப் போன பிறகு அதை நடையில் நிறுத்தினேன். உள்ளங்கையை வைத்தேன், அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. வாசலிலிருந்து சமையலறை வரை போனேன், திரும்பி வந்தேன். கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து, "என்ன பாட்டி பண்றீங்க?" என்றாள். "புல் வெட்டறேன்" என்றேன். இறங்கிப் போய்விட்டாள்.

மறுபடி நடைக் கடைசிவரை போய், நடுவில் கையை எடுத்துப் பார்த்தேன். உடனே நின்றுவிட்டது. அப்படி நின்ற பிறகு வீட்டில் வந்த அமைதியில் குழாய் சொட்டுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

குறை இருந்தால் எழுதச் சொல்லி உங்கள் கம்பெனித் தாள் கூட வந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டீர்கள், கண்ணாடி இல்லாமலே படித்தேன். வாரம் முழுக்கக் குறை தேடினேன். நிறம்கூட இப்போது பழகிவிட்டது. பிடி நன்றாக இருக்கிறது. இந்த முறை நிஜம்.

குறை இல்லையென்றால் உனக்கு எழுத என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஆகவே இதோடு முடிக்கிறேன். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை

மறந்துவிட்டேன். இடது சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. எப்படிப்பட்ட சத்தம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று கேட்டால்தான் உனக்குப் புரியும். செவ்வாய்க்கிழமையில் அவன் வர ரொம்ப நேரமாகும். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா, சின்னக் காதுக்கு நன்றாகக் கேட்கும். வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வாருங்கள்.